ரொப்புற எடத்துல செக்கிங் இல்ல

என் மேசைமேல் சன்னலோரமாக ஓர் அட்டையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் புட்டியைப் போட்டு விற்பார்களே, அந்தச் சின்னப் பெட்டியைப் பிரித்து விரித்த அட்டை. முன்பக்கத்தில் கூந்தலை விரித்துப் போட்டபடி ஒரு பெண். அச்சு விலகிப்போனதால் அவளுக்கு இரண்டு மூக்கு. அந்த மூக்குகளின் மேலேயே சிவப்பு மையில் ‘ரிஜெக்ட்’ என்று ஒரு முத்திரை. அதைக் குத்தியவள் நான்தான். பின்பக்கத்தில் நீலப் பேனாவால் கோணல்மாணலாக ஒரு வரி எழுதியிருக்கிறது: ‘அப்பறம் இன்னா ஆச்சி?’ அந்த வரிக்கு முன்னால், இடம் போதாமல் நெருக்கி, வேறு மையில் பிற்பாடு சேர்த்த ஒரு சொல் இருக்கிறது. அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் அதை எழுதியவள் என்னைச் சும்மா விடமாட்டாள். கதையின் முடிவை முன்கூட்டியே போட்டு உடைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

அவளை நான் சன்னலக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாகூரிலிருந்து வில்லியனூர் பக்கம் இருந்த எண்ணெய்க் கம்பெனிக்கு எங்களை அள்ளிக்கொண்டு போன பஸ்ஸில், எனக்கு முந்தின நிறுத்தத்தில் அவள் ஏறுவாள். சன்னலோர இருக்கையில் தான் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இருக்கையில் தன் சோற்றுப் பையை வைத்துவிடுவாள். யார் வந்து கேட்டாலும், “ஆளு வருது” என்பாள். அந்த ஆள் நான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஐந்தாவது வரை படித்தவள். கணவர் செங்கல் சூளை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இதைத் தவிர அவளைப் பற்றி முதல் ஒரு வருடம் எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் முத்தாலுவைப் பற்றித்தான்.

முத்தாலு என்று யாரும் கிடையாது. ஒருநாள் காலை தவளக்குப்பம் சந்திப்பில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. பஸ் அசையவே இல்லை. சன்னலக்காவின் போனில் சார்ஜும் இல்லை. “சும்மா குந்திக்கினு இருக்க முடியலடி, எதுனா சொல்லேன்” என்றாள். என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். முத்தாலு என்று ஒருத்தி. அவளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். கூடத்தில் கேசரியும் பஜ்ஜியும் பரிமாறிக்கொண்டிருக்கும்போது அவள் பின்வாசல் வழியாக அண்ணனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவ்வளவுதான் எனக்கே தெரியும். லாரி நகர்ந்தது, பஸ் கிளம்பியது, சன்னலக்கா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். “அப்பறம் இன்னா ஆச்சி?”

அப்புறம் நான்கு வருடம் அந்த சைக்கிள் ஓடியது. முத்தாலு கரும்பு லாரியின் பின்னால் தொற்றிக்கொண்டு போனாள், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறினாள், ஒரு கட்சி ஊர்வலத்தில் தெரியாமல் நுழைந்து கொடி பிடித்தாள். ஒரு நாளைக்குப் போகும்போது அரை மணி நேரம், வரும்போது அரை மணி நேரம். வரும் வழியில் பாதி நாள் சன்னலக்கா தூங்கிவிடுவாள், அதனால் மறுநாள் காலையில் அதையே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். போன வாரம் செத்துப்போன மாமனை இந்த வாரம் சந்தைக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் கண்டுபிடித்தாலும், “அது கெடக்கட்டும், அப்பறம்?” என்று போய்விடுவாள். எனக்கும் அதில் ஒரு கூச்சமும் இருந்ததில்லை. எதிரில் ஒரு முகம் காத்திருந்தது, நான் சொன்னேன். அதற்குப் பெயர் கதை எழுதுவது என்று யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கே வாயை மூடியிருப்பேன்.

கம்பெனியில் எங்கள் இருவருக்கும் ஒரே லைன்தான், ஆனால் இரண்டு முனை. ஓடுகிற பெல்ட்டின் தொடக்கத்தில் அவள் நிற்பாள். காலிப் புட்டிகளை வரிசையாக நிறுத்தி மெஷினில் எண்ணெய் ரொப்புவது அவள் வேலை. நடுவில் மூடி போடுகிறவர்கள், லேபிள் ஒட்டுகிறவர்கள். பெல்ட் முடிகிற இடத்தில், ஒரு வெள்ளை ட்யூப் லைட்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். என் வேலை செக்கிங். புட்டிக்குள் தூசி, மூடி கோணல், லேபிளில் காற்றுக்குமிழ், பெட்டியில் அச்சு விலகல் என்று எதையாவது கண்டுபிடித்துச் சிவப்புத் தட்டில் தூக்கிப் போட வேண்டும். எட்டு மணி நேரமும் குறை பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கினேன். அதில் கெட்டிக்காரி என்றும் பெயர் எடுத்தேன். வீட்டுக்குப் போனாலும் அந்தக் கண் அணையாது. சாப்பிட வந்த விருந்தாளியின் சட்டையில் பித்தான் மாறியிருப்பதுதான் முதலில் தெரியும்.

பிறகு சன்னலக்காவுக்குக் காது போயிற்று. ஒரே நாளில் இல்லை. ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு இடது காது மந்தமானது, சில மாதத்தில் வலதும். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள். கருவி ஒன்றைக் காதில் மாட்டிவிட்டார்கள். வீட்டில் அது கொஞ்சம் உதவியது. பஸ்ஸில் ஏறினால் எஞ்சின் இரைச்சலையும் ஹாரனையும் பத்து மடங்காக்கி அவள் மண்டைக்குள் கொட்டியது. இரண்டாம் நாளே கழற்றிச் சோற்றுப் பையில் போட்டுவிட்டாள். வேலைக்கு அதனால் தடையில்லை, மெஷினைக் கண்ணால் பார்த்தே ஓட்டினாள். பேச்சுதான் நின்றுபோயிற்று. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருமுறை, “மணி இன்னாடி?” என்று என்னிடம் கேட்டது டிரைவர் வரைக்கும் கேட்டு, முன்னால் இருந்த பெண்கள் திரும்பிச் சிரித்தார்கள். அவர்கள் வாய் அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோற்றுப் பை மட்டும் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தது.

நான் கை சாடையில் முத்தாலுவைச் சொல்லிப் பார்த்தேன். சைக்கிள் ஓட்டுவதைக் காட்டலாம், பஞ்சர் ஆனதையும் காட்டலாம். அவள் மனத்தில் ஓடுவதை எப்படிக் காட்டுவது? பாகூர் ஏரிக்கரையில் முத்தாலுவின் சைக்கிள் பஞ்சரான இடத்தில் கதை நின்றது. இரண்டு மாதம் கழித்து, பஸ் அதே ஏரிக்கரையைத் தாண்டும்போது, சன்னலக்கா வெளியே பார்த்தபடி, தனக்குத் தானே பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: “பாவம், அவள நடுக்கரையில நிக்க வெச்சிட்டியேடி.”

அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினேன். காது கேட்காவிட்டால் என்ன, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியுமே அவளுக்கு. எழுதிக் கொடுத்துவிடலாம். நான்கு வருடமாக வாயால் சொன்னதைக் கையால் சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்? நோட்டைப் பிரித்து, ‘முத்தாலு’ என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு மாதம் ஓடவில்லை.

காரணம் என் தமிழ் டீச்சர். நான் ஆறாவது படிக்கும்போது டவுனிலிருந்து வந்த டீச்சர் அவர். எங்கள் வாயில் வீடு வூடாகும், விட்டான் வுட்டானாகும், விழுந்தான் வுழுந்தானாகும். பேசுவதைப் போலவே எழுதினோம். டீச்சர் ஒவ்வொரு ‘வூ’வையும் சிவப்புப் பேனாவால் சுழித்து, ‘வீ’ என்று மேலே எழுதுவார். நான் பயந்த பிள்ளை. வாயில் ‘வூ’ வந்தால் தாளில் ‘வீ’ போட வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். எங்கள் பக்கம் ஊரை வூர் என்போம், ஊறுகாயை வூறுகாய் என்போம். அரைப்பரீட்சைக் கட்டுரையில், ‘எங்கள் வீர் பாகூர்’ என்று தொடங்கி, ‘எங்கள் வீரில் மாங்காய் வீறுகாய் நன்றாக இருக்கும்’ என்று எழுதி வைத்தேன். டீச்சர் அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பத்தாவது முடிக்கும்வரை எனக்கு வீறுகாய் என்றுதான் பெயர். டீச்சர் கெட்டவர் இல்லை, என் கையெழுத்தைப் பாராட்டிய ஒரே ஆளும் அவர்தான். ஆனாலும் நாற்பது வயதை நெருங்கும்போது நோட்டைப் பிரித்தால், சிவப்புப் பேனாவோடு அவர்தான் முதலில் வந்து நின்றார்.

டீச்சரை ஒருவாறு சமாதானப்படுத்தினாலும் பின்னாலேயே செக்கிங்காரி வருவாள். அதாவது நான். ஒரு வரி எழுதுவேன், ட்யூப் லைட்டுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பேன். கோணல். கிழிப்பேன். இன்னொரு வரி, அதில் குமிழ். உனக்கெல்லாம் எதற்குடி எழுத்து, எண்ணெய்ப் புட்டி பார்க்கிறவளுக்கு, என்று அவளே கேட்பாள். காலையில் பஸ் ஏறும்போது சன்னலக்கா என் கையைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள், பார்ப்பாள். அவளுக்கும் உலகத்துக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரு வழியையும் நான் அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் எழுத வரவில்லை. என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வழி திறந்தது லைனில்தான். ரொப்புகிற மெஷினில் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு புட்டியையும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, எண்ணெய் நூலளவு குறைந்தாலும் மெஷினை நிறுத்திவிடுவாள். பெல்ட் காலியாக ஓடியது. நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். மூன்றாம் தடவை மெஷின் நின்றபோது சன்னலக்காவுக்குப் பொறுக்கவில்லை. பல மாதமாக யாரிடமும் வாய் திறக்காதவள், ஷெட் அதிரக் கத்தினாள்:

“ரொப்புற எடத்துல செக்கிங் இல்லம்மா! நீ ரொப்பிக்கினே இரு. கொற சொல்றதுக்குன்னு அந்தாண்ட கடேசில ஒருத்திய சம்பளம் குடுத்துக் குந்த வெச்சிருக்காங்க!”

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. ஒன்பது வருடமாக அந்த லைனில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளாவது என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ரொப்புகிற மெஷினுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேனா? போட்டால் லைன் ஓடுமா? வீட்டில் நோட்டுக்கு முன்னால் உட்காரும்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அக்கா அந்த வார்த்தையை எனக்காகச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சொன்னதாக இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

வெள்ளைத் தாள் என்றால் கிழிக்கத்தான் தோன்றுகிறது, அதனால் சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துக் கட்டிய அட்டைப்பெட்டிகளில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். “ஸ்கிராப்தானே, எடுத்துக்க” என்றார். மறுநாள் மதியம் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு, கேன்டீன் மூலையில் உட்கார்ந்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். ஏற்கெனவே ரிஜெக்ட் ஆன அட்டை, இனி அதை நான் என்ன கெடுத்துவிட முடியும்? செக்கிங்காரி எழுந்து வந்தாள். “உன் எடம் அந்தாண்ட” என்று மனசுக்குள் சொன்னேன். டீச்சர் வந்தார். அவரையும், “கடேசில வாங்க டீச்சர்” என்று அந்த ஸ்டூலில் உட்கார வைத்தேன். மணி அடிப்பதற்குள் இரண்டு அட்டை நிறைந்துவிட்டது. திருப்பிப் படிக்கவில்லை. படித்தால் கொடுக்கமாட்டேன் என்று எனக்கே தெரியும்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறி, இரண்டு அட்டையையும் அவள் மடியில் வைத்தேன். அவள் முதலில் இரட்டை மூக்குக்காரியைப் பார்த்தாள், பிறகு திருப்பினாள். ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். அவள் விரலோடு என் கண்ணும் போயிற்று. அப்போதுதான் பார்த்தேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து முத்தாலு கட்டுச்சோற்றைப் பிரிக்கிறாள், உள்ளே தயிர்சோறு, கூடவே நான் என் கைப்பட எழுதிய ‘வீறுகாய்’. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, அவசரத்தில், அதே வீறுகாய். அட்டையைப் பிடுங்கப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். விரல் அந்தச் சொல்லில் வந்து நின்றது. ஒருமுறை கூட்டினாள், இன்னொருமுறை கூட்டினாள்.

பிறகு சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அளவு தெரியாத சிரிப்பு. பஸ் முழுக்கத் திரும்பியது, டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “வீறுகாயாம்டி! வீறுகாய்!” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். யார் திரும்பினார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை. ஆறாம் வகுப்பில் மேசையைத் தட்டிச் சிரித்த அதே சொல்தான். அதே சொல்லுக்கு என் பக்கத்தில் ஒருத்தி உயிர் வந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பு அடங்கியதும் இரண்டாம் அட்டையைப் படித்து முடித்து, என் முழங்கையைப் பிடித்து உலுக்கி, பஸ்ஸே கேட்கும்படி கேட்டாள்: “அப்பறம் இன்னா ஆச்சி?”

மறுநாள் நான் ஏறும்போது, சோற்றுப் பைக்குப் பதிலாக என் இருக்கையில் இந்த அட்டை இருந்தது, ஸ்கிராப்பிலிருந்து அவளும் ஒன்றை எடுத்திருக்கிறாள். வாயால் கேட்டால் எல்லாரும் திரும்புகிறார்கள் என்று எழுதியே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அதைத் தூக்கிக் காட்டுவாள், நான் என் அட்டைகளைக் கொடுப்பேன். அவள் படித்து முடித்த பிறகுதான் செக்கிங்காரிக்கும் டீச்சருக்கும் கொடுப்பேன். அவர்களும் வேண்டியவர்கள்தான், அவர்கள் இல்லாவிட்டால் மாமன் இரண்டு தடவை செத்திருப்பான். கடைசி ஸ்டூலில் உட்காருகிறவரை அவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

மகளுக்கு மண்ணாடிப்பட்டுப் பக்கம் கல்யாணமாகி, சன்னலக்கா வேலையை விட்டு அங்கே போனாள். முட்டிவலி வந்து பிற்பாடு நானும் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். அட்டைகள் மட்டும் ஒரு சாக்கு நிறைய சேர்ந்திருந்தன. ஒரு சின்னப் பதிப்பகத்தார் அவற்றைப் புத்தகமாக்கினார்கள். பிழை திருத்தியவர் ‘வீறுகாய்’ என்பதை ‘ஊறுகாய்’ ஆக்கியிருந்தார். அதை மட்டும் பழையபடி மாற்றச் சொல்லிப் போனில் மன்றாடினேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் நினைத்திருப்பார்.

போன மாதம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். கரும்புக்காட்டை ஒட்டிய வீடு. அவளுக்கு இப்போது துளியும் கேட்பதில்லை. புத்தகத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள், நேராக ஏரிக்கரைப் பக்கத்தைத் தேடி எடுத்து விரலை வைத்தாள், வீறுகாய் இருக்கிறது என்று தெரிந்ததும் சிரித்தாள். பிறகு கடைசிப் பக்கத்தை மெதுவாகப் படித்து மூடினாள். உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலிருந்து இந்த அட்டையை எடுத்து வந்தாள். என் பேனாவை வாங்கி, பழைய வரிக்கு முன்னால் ஒரு சொல்லை நெருக்கி எழுதி என் கையில் கொடுத்தாள். ‘ஒனக்கு’.

“அவ சைக்கிள எடுத்துக்கினு போய்ட்டா” என்றாள், வழக்கமான உரத்த குரலில். “நீ இன்னா பண்ண?”

அந்தப் பின்வாசல் என் வீட்டுடையது என்று, லாரி குறுக்கே நின்ற அந்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே இத்தனை வருடமும் கேட்காமல், நான் முத்தாலுவை முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். அந்தப் பொறுமைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூன்று வாரமாகிறது. இன்று காலை வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்தேன். செக்கிங்காரி வந்தாள். முத்தாலு கதையாவது பரவாயில்லை, உன் கதையில் என்னடி இருக்கிறது என்றாள். டீச்சரும் பேனாவோடு வந்தார். இருவரையும் கடைசி ஸ்டூலுக்கு அனுப்பிவிட்டு, சன்னலோரம் சாய்ந்திருக்கும் அட்டையைப் பார்த்தபடி முதல் வரியை எழுதினேன்:

‘அக்கா, என்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி எங்க வூட்டுப் பின்வாசல்ல ஒரு சைக்கிள் நின்னுகினு இருந்துது. நான் காப்பித் தட்ட எடுத்துக்கினு முன்வாசலுக்குப் போனேன்.’